உப்புத் தண்ணீரும் துணிப் பொம்மையும்

கையால் தைத்த துணிப் பொம்மையைக் கழுவுமுன் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் போகாது என்பார்கள். இலங்கையின் கம்பளையில் மட்டுமல்ல, தமிழர் வாழும் எந்த ஊரிலும் கேட்கக்கூடிய யோசனை இது. சிலர் அதில் கொஞ்சம் வினாகிரியும் சேர்க்கச் சொல்வார்கள். ஒரு சட்டைக்கு இந்த யோசனை பிழைத்துப்போனால் நட்டம் சிறிது. பொம்மையின் கதை வேறு. சிவப்புப் பாவாடையும் வெள்ளை முகமும் ஒரே தையலில் பிணைந்திருக்கின்றன. கண்கள் கறுப்பு நூலில், கூந்தல் கம்பளி நூலில். சாயம் ஒருமுறை கன்னத்தில் இறங்கிவிட்டால் பிரித்தெடுத்துத் துவைக்க வழியில்லை. ஆகவே இந்த யோசனை எங்கிருந்து வந்தது, அதை நம்பலாமா என்று தேடிப் பார்ப்பது அவசியம் என்று எனக்குப் பட்டது.

பழைய சாயத் தொழிலில்தான் முதலில் தேடினேன். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டிய சாயவேர், ஒல்லாந்தர் ஆட்சியில் அரசின் தனியுரிமையாக இருந்த அளவுக்கு மதிப்புடையது. அதன் சிவப்பைப் பருத்தியில் நிலைக்கச் செய்தவை கடுக்காயும் படிகாரமும். கண்டிக்கு அருகே தும்பறைப் பாய் நெய்வோரின் வழக்கமும் இதையே சொல்கிறது. நாருக்குச் சிவப்பேற்ற பதங்கிக் கட்டையுடன் கொரகஹ இலையையும் சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். தமிழில் நாம் காயா என்னும் மரத்தின் இனம் அது. மண்ணிலுள்ள அலுமினியத்தை இலையில் சேர்த்து வைப்பது அதன் இயல்பு. படிகாரத்திலும் இருப்பது அலுமினியமே. சாயத்துக்கும் நாருக்கும் இடையில் நின்று இரண்டையும் பிடித்து வைப்பது அதுதான். சாயத்தைப் பிடித்து வைக்கும் வேலை இங்கே சமையல் உப்புக்குத் தரப்படவில்லை.

உப்பு முன்னுக்கு வருவது செயற்கைச் சாயங்களோடுதான். 1884இல் ஜேர்மனியில் வந்த கொங்கோ சிவப்பு, படிகாரம் இல்லாமலே பருத்தியில் நேரடியாக ஏறிய முதல் செயற்கைச் சாயம். தண்ணீரில் பருத்தி நாரும் இத்தகைய சாயமும் ஒரே வகை மின்னேற்றம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைத் தணித்து, சாயத்தை நாருக்குள் போகவிடுகிறது. 1956இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த வினைச்சாயங்களிலும் உப்பின் வேலை இதுவே; நாரோடு சாயத்தை இரசாயனமாகப் பிணைக்க அதன் பின் சலவைச் சோடா வேண்டும். வினாகிரி போன்ற அமிலங்கள் உதவுவது கம்பளிக்கும் பட்டுக்கும் சாயமேற்றும்போது. ஆக, வீட்டு வாளிக்கு வந்த யோசனை சாயத் தொட்டியின் செய்முறையில் பாதி என்பதே என் முடிவு. சாயம் ஏற்றும்போது உதவிய பொருளை, ஏறிய சாயத்தைக் காக்கும் பொருளாக நாம் எடுத்துக்கொண்டோம்.

“உப்புப் போட்டபோது தண்ணீர் நிறம் மாறவில்லையே, கண்ணால் கண்டதை எப்படி மறுப்பது?” என்று கேட்கலாம். கண்டது உண்மைதான். உப்பு தண்ணீரில் இருக்கும்வரை சாயம் எளிதில் கரைந்து வராது. உப்பு போனதும் அடுத்த கழுவலில் மறுபடி இறங்கும். அதைவிட முக்கியமானது வேறொன்று. வினைச்சாயத் துணியிலிருந்து இறங்குவது, நாரோடு பிணையாமல் தங்கிவிட்ட மிச்சச் சாயம். அது வெளியேறியாக வேண்டும். உப்போ அதை உள்ளேயே நிறுத்துகிறது. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வது ஆபத்தை அடுத்த முறைக்குத் தள்ளிப்போடுகிறது.

“அப்படியானால் பொம்மையைக் கழுவவே வேண்டாமா? குழந்தை வாயில் வைக்கும் பொருளல்லவா?” என்ற கேள்வி நியாயமானது. விடை பொம்மையின் வயிற்றுக்குள் இருக்கிறது. பொம்மைக்குள் அடைக்கும் இலவம் பஞ்சின் நார் மெழுகுப்பூச்சுடையது, உள்ளீடற்றது. அதனால்தான் முன்பு உயிர்காப்பு அங்கிகளில் அதை அடைத்தார்கள். சவர்க்காரத் தண்ணீர் அந்த மெழுகைத் தாண்டி உள்ளே போனால் பஞ்சு கட்டிபட்டுவிடும், உலர நாளாகும். மகாவலிக் கரையில் மழையும் ஈரக்காற்றும் நிறைந்த கம்பளையில் உலராத வயிறு பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கும். இத்தகைய பொம்மைக்கு முதுகுத் தையலைப் பிரித்து, பஞ்சை எடுத்து, தோலை மட்டும் கழுவுவதே முறை. பொலியெஸ்டர் பஞ்சு அடைத்ததை முழுதாகவே கழுவலாம். எதுவானாலும் முன்சோதனை ஒன்று வேண்டும்: ஈரமான வெள்ளைத் துணியைப் பாவாடையின் உள்மடிப்பில் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் நனைக்காதீர்கள். அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் துடையுங்கள். நனைத்ததை நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துங்கள்.

கண்டியில் பிறந்த பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கிய பெயார்ஃபூட் நிறுவனம், அடர் நிறக் கைத்தறித் துணியில் பொம்மைகள் செய்து இலங்கையின் நிறங்களை உலகுக்குக் காட்டியது. அந்த நிறங்களை விரும்பி வீட்டில் பொம்மை தைப்போருக்கு இந்தத் தேடல் தரும் பாடம் ஒன்றே: பராமரிப்பு முதல் தையலுக்கு முன்பே தொடங்குகிறது. வாங்கிய துணியை வெட்டுமுன், நிறத்துக்கு நிறம் தனியாக, உப்பில்லாத வெந்நீரில், தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். எவ்வளவு அலசியும் தெளியாத துணியை வெள்ளை முகத்தின் அருகே வைத்துத் தைக்காதீர்கள்.