மாமாவின் போர்ஷே

பெறுமானத்தேய்வு என்ற சொல்லை நான் முதன்முதலிற் சந்தித்தது உயர்தர வகுப்புக் கணக்கீட்டுப் பாடநூலிலேதான். அதற்கு முன்னர் அப்படியொன்றை வாழ்வில் கண்டதாக நினைவில்லை. மோட்டார் வண்டியைப் பொறுத்தவரை அது நம் நாட்டில் ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டி வைத்திருந்தவர் பாக்கியசாலி. எங்கள் அயலவரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 2017 இல் வாங்கிய சுசுகி ஓல்டோவை ஐந்து ஆண்டுகள் ஓட்டித் தேய்த்த பின்னர், வாங்கிய விலையின் இரு மடங்குக்கும் மேலாக விற்றார். அதற்கிடையில் ரூபாயும் பாதிக்கு மேல் மெலிந்துவிட்டதை அவரும் கணக்கில் எடுக்கவில்லை; நானும் எடுக்கவில்லை.

இத்தகைய சூழலில் வளர்ந்தவனாகிய நான், இலண்டனிலிருக்கும் என் தாய்மாமனுக்கு, பழைய போர்ஷே ஒன்றை வாங்குவது குறித்து ஆலோசனை கூறத் துணிந்தேன்.

மாமா 1995 இன் இடப்பெயர்வோடு ஊரைவிட்டுப் புறப்பட்டவர். இலண்டன் போய்ச் சேர்ந்ததும் பெற்றோல் நிலையமொன்றில் இரவுக் காசாளர் வேலை கிடைத்தது. தடித்த கண்ணாடிக்குப் பின்னே அமர்ந்து, வருகிற போகிற வண்டிகளைப் பார்ப்பதே அவருக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு. வெள்ளிக்கிழமை தோறும் சிவப்பு நிறப் போர்ஷே 944 ஒன்று வருமாம். முன்விளக்குகள் கண்ணிமை போல மேலெழுந்து, வண்டி நின்றதும் மீளவும் மூடிக்கொள்ளுமாம். இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் அந்த விளக்குகளை அவர் மறக்கவில்லை.

2023 சித்திரையில் இரண்டு விளம்பரங்களை எனக்கு அனுப்பினார். இரண்டும் 1989 ஆம் ஆண்டு வண்டிகள். ஒன்று வியாபாரியிடம்: தொண்ணூற்றாறாயிரம் மைல் ஓடியது, விலை 11,500 பவுண். மற்றையது தனிமனிதர் ஒருவரிடம்: நாற்பத்தோராயிரம் மைலே ஓடியது, விலை 8,000.

“மருமோன், நீ கணக்குப் படிச்சனி. எது நல்லதெண்டு பாத்துச் சொல்லு.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. பொருளியல் இரண்டாம் வருட மாணவனிடம் யார் ஆலோசனை கேட்கிறார்கள்! அன்றிரவே விடுதியில் அமர்ந்து கணக்குப் போட்டேன். நேர்கோட்டு முறைப்படி பார்த்தால் அந்த வண்டியின் பெறுமதி எப்போதோ பூச்சியமாகியிருக்க வேண்டும். குறைந்து செல்லும் மீதி முறைப்படியோ அது ஒருபோதும் பூச்சியமாகாது. வரவரக் குறையும் அளவும் சிறுத்துப்போகும். புதிதாக இருந்தபோது இருபதாயிரம் பவுணுக்கு மேல் கொடுத்து வாங்கியவரே வீழ்ச்சியின் பெரும்பங்கைச் சுமந்தார். இனி அது பழம்பொருள். விலை ஏறவே செய்யும். ஆகவே குறைந்த விலையில், குறைவாக ஓடியதை வாங்குவதே புத்தி. இவ்வாறு மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன்.

வியாபாரி தருவதாகச் சொன்ன ஆறுமாத உத்தரவாதப் பத்திரத்தையும் மாமா படம் பிடித்து அனுப்பியிருந்தார். வாசித்துப் பார்த்தேன். பழுதொன்றுக்கு ஆயிரம் பவுணுக்கு மேல் கொடுக்கமாட்டார்களாம். தேய்மானத்தால் நேரும் பழுதென்றால் ஒன்றுமே இல்லையாம். முப்பத்து நான்கு வயது வண்டியில் தேய்மானத்தால் அல்லாது வேறெதனால் பழுது வரும்? “இது வெறும் கடதாசி” என்று எழுதினேன். அதுவரையில் நான் சொன்னது சரியே. ஆனால் அக்கடதாசிக்கு வெளியே சட்டம் ஒன்று நின்றதை நான் அறியவில்லை. பிரித்தானியாவின் 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் சட்டத்தின்படி, வியாபாரி விற்கும் பொருள் ஏற்ற தரமுடையதாயிருத்தல் வேண்டும். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, மாறாக நிறுவப்படாதவரை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். பழைய வண்டிக்குப் புதியதன் தரத்தைச் சட்டமும் எதிர்பார்ப்பதில்லை என்பது உண்மையே. எனினும் வழக்காட ஓர் இடமாவது இருக்கும். தனிமனிதரிடம் வாங்கினால் அதுவுமில்லை. வண்டி அவருடையதாயிருந்து, அவர் சொன்னபடியும் இருந்தால் அவர் பொறுப்பு முடிந்தது.

இன்னுமொன்று. வியாபாரியின் விளம்பரத்தில் “ரைமிங் பெல்ட் 2021 இல் மாற்றப்பட்டது, பற்றுச்சீட்டு உண்டு” என்று ஒரு வரி இருந்தது. அதை நான் வாசித்தேன். ஆனால் கணக்கிற் சேர்க்கவில்லை. மற்றைய வண்டியின் பராமரிப்புப் புத்தகம் 2012 உடன் நின்றுபோயிருந்தது.

944 இன் எஞ்சினில், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டைச் சுழற்றுவது பற்களுள்ள ஒரு இறப்பர்ப் பட்டியே. அது அறுந்தால் வால்வுகள் திறந்தபடி நிற்க, மேலெழும் பிஸ்டன்கள் அவற்றை மோதி வளைத்துவிடும். இறப்பருக்கு மைல் கணக்கு மட்டும் போதாது, வயதும் வேண்டும். ஓடாமல் கொட்டிலில் நின்றாலும் அது முதுமையடையும். நான் நற்குணமென்று எழுதிய அந்த நாற்பத்தோராயிரம் மைல், உண்மையில் நீண்ட உறக்கத்தின் கணக்கு. 348, எப் 355 போன்ற பெராரி வண்டிகளில் இந்தப் பெல்ட்டை மாற்ற எஞ்சினையே வெளியே இறக்க வேண்டுமாம். வண்டியின் விலை பத்தில் ஒன்றாக விழுந்தாலும், அதை இறக்கி ஏற்றுபவரின் கூலி விழுவதில்லை. இதை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் பராமரிப்புச் செலவு என்ற தலைப்பு அதே அத்தியாயத்தின் அடுத்த பக்கத்திலேயே இருந்தது.

வாங்கிய ஐந்தாம் மாதம், நெடுஞ்சாலையில், பெரிய சத்தம்கூட இல்லாமல் எஞ்சின் நின்றது. திருத்துவதற்குக் கேட்ட தொகை வாங்கிய விலையிற் பாதிக்கு மேல். மாமா அதை ஓடாத வண்டியாகவே 3,000 பவுணுக்கு விற்றார். விற்றவர் பொய் ஏதும் சொல்லவில்லை; “நான் இதை அதிகம் ஓட்டவில்லை” என்றே சொல்லியிருந்தார். மாமாவும் என்னைக் குறைகூறவில்லை. “விடு தம்பி, அஞ்சு மாசம் ஓடினன்தானே” என்றார். அந்த விளக்குகள் மேலெழும்போது உள்ளிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாதாம். வெளியே நிற்பவனுக்குத்தான் அந்த அழகாம்.

ஐயாயிரம் பவுண் போனதில், 2024 நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருவதாக அம்மம்மாவுக்குக் கொடுத்திருந்த வாக்கும் போயிற்று. ஓராண்டு தள்ளி, 2025 ஆவணியில்தான் வந்தார். அந்த ஓராண்டுக்குள் அம்மம்மாவின் பார்வை முற்றாக மங்கியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் படலையைத் திறந்து வந்த மகனை அவர் குரலால்தான் அறிந்தார். நெற்றியையும் மூக்கையும் காதுகளையும் தடவிப் பார்த்து, “மெலிஞ்சு போனாய்” என்றார். மாமா மெலியவில்லை. நான் அப்போது கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை மாமா பின்வளவுக் கொட்டிலுக்குப் போனார். அங்கே அம்மப்பாவின் மொறிஸ் மைனர் நிற்கிறது. மாதமொருமுறை அதைப் பார்த்துப் போகும் முதிய மெக்கானிக்கும் வந்திருந்தார். மாமா முன்மூடியைத் தூக்கினார். பூச்சைப் பற்றியோ, ரயரைப் பற்றியோ, விலையைப் பற்றியோ அவர் கேட்கவில்லை.

“அண்ணை, இதுக்குள்ளை ஓடுறது பெல்ட்டோ, செயினோ?”

“செயின் தான். ஏன் தம்பி?”

மாமா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.