ஆரஞ்சுக் கோடுகளுக்கு அடியில்

1969 மே 30 அன்று இன்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் மாரியோ ஆன்ட்ரெட்டி வென்றார். அன்றைக்குப் பந்தயக் கார்களுக்கு முன்னால் ஓடி அவற்றை வரிசைகட்ட வைத்தது ஒரு வெள்ளை செவ்ரலே கமாரோ கன்வெர்டிபிள். ஓட்டியவர் 1960இல் அதே பந்தயத்தை வென்ற ஜிம் ராத்மன். அந்த மவுசை முன்கூட்டியே காசாக்க நினைத்த செவ்ரலே, பந்தயத்துக்கு முன்பிருந்தே அதே தோற்றத்தில் 3,675 கன்வெர்டிபிள்களைச் செய்து விற்றது. ஆர்டர் தாளில் அதற்கு இசட்-11 என்று பெயர். வெள்ளை உடல், பானட்டில் ஆரஞ்சுப் பட்டைகள், ஆரஞ்சில் கட்டம்போட்ட இருக்கைத் துணி, டிக்கி மேல் ஸ்பாய்லர்.

இதில் பார்வைக்குப் படுகிற எதையும் இன்று விலைக்கு வாங்கிவிடலாம். அந்த ஆண்டு வந்த கமாரோ கன்வெர்டிபிள்கள் மொத்தம் 17,573. இசட்-11 போக மிச்சம் பதினாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அவற்றில் எதைப் பிடித்தாலும், நல்ல பெயின்டரும் உதிரிபாகக் கடையும் இருந்தால் இன்டியானாபொலிஸ் வாசம் ஏற்றிவிடலாம். கதவுகளில் பந்தயத்தின் பெயரையும் தேதியையும் சொல்லும் ஸ்டிக்கரும் சாட்சியாகாது. அதைக் கதவில் ஒட்டாமல் தனியாகத்தான் கொடுத்தார்கள், விருப்பப்பட்டவர் ஒட்டிக்கொண்டார்கள்.

அப்படி ஒரு கார் சின்சினாட்டிக்குப் பக்கத்தில் விலைக்கு வந்திருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். கோயம்புத்தூரில் அப்பாவின் லேத்துப் பட்டறையில் வளர்ந்தவர், என்னைவிட மூத்தவர். விற்பவர் கேட்ட விலை, "எல்லாமே அசல், இன்ஜின் உட்பட" என்ற ஒற்றை வாக்கியத்தின் மேல் நின்றது. அது எந்த அளவுக்கு உண்மை என்று பார்க்க இருவரும் இறங்கினோம்.

தொழிற்சாலைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அமெரிக்காவில் விற்ற கமாரோக்களுக்கு அப்படியொரு பதிவேடு மிஞ்சவில்லை. அக்காலத்துப் பான்டியாக் கார்களுக்கு உண்டு. இரண்டுக்கும் தாய் நிறுவனமான ஜி.எம். கனடாவுக்கு அனுப்பிய கார்களுக்கும் உண்டு. செவ்ரலே வாங்கியவர்களுக்கு வாரன்டிப் புத்தகத்தோடு ஓர் உலோகத் தகடு கொடுத்தார்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் குறியீடுகளெல்லாம் அதில் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறிப் புடைத்திருக்கும். சர்வீஸ் தாளில் அச்சடிப்பதற்காகச் செய்தது. அது இருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். விற்பவரிடம் இல்லை. ஆக, கார் தன் வாயால் சொன்னால்தான் உண்டு.

டேஷ்போர்டின் இடது மூலையில், கண்ணாடி வழியாகத் தெரியும்படி சேசிஸ் நம்பர். 124 என்றால் எட்டு சிலிண்டர் கமாரோ, 67 கன்வெர்டிபிள், 9 ஆண்டு, N என்பது நோர்வுட். சின்சினாட்டியை ஒட்டிய நோர்வுட்டில் 1987 வரை ஓடிய அதே தொழிற்சாலை. ஆனால் இந்த நம்பர் இசட்-11 பற்றி ஒன்றும் சொல்லாது. அதற்குப் பானட்டைத் திறந்து, இன்ஜினுக்குப் பின்புறத் தடுப்பில் அறைந்திருக்கும் சிறு தகட்டைப் பார்க்க வேண்டும். உடலைக் கட்டிய தொழிலாளிகளுக்காக அடித்தது அது. 50 என்றால் வெள்ளை, 720 என்றால் ஆரஞ்சுக் கட்டத்துணி, 04C என்றால் ஏப்ரல் மூன்றாம் வாரம். அதோடு Z11. எல்லாம் இருந்தன.

அடுத்தது இன்ஜின். வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் ஒரு சிறு சமதளம் இருக்கும். அங்கே இன்ஜின் தயாரான தேதியும் காரின் வரிசை எண்ணும் பஞ்ச் அடித்திருக்கும். வரிசை எண் டேஷ்போர்டு நம்பரோடு அட்சரம் பிசகாமல் பொருந்தியது. எனக்கு நிம்மதி. நண்பர் துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார்.

"தம்பி, ப்ரோச் ஓடின கோடு எங்கே?"

தொழிற்சாலையில் அந்தத் தளத்தை ப்ரோச் வைத்து இழைப்பார்கள். மெல்லிய இணைகோடுகள் முன்னிருந்து பின்னாக ஓடும். எண்கள் அவற்றின் மேல் உட்காரும். இங்கே தளம் வழவழவென்று இருந்தது. யாரோ சீவிவிட்டுப் புதிதாக எண் அடித்திருக்கிறார்கள். உறுதி செய்ய, பிளாக்கின் பின்பக்கம் கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் வார்ப்புத் தேதியைத் தேடினோம். அது அச்சிலேயே புடைத்து வருவது. H என்று தொடங்கியது. A ஜனவரி என்று எண்ணிக்கொண்டு வந்தால் H ஆகஸ்ட். ஏப்ரலில் கட்டிய காருக்குள் அதற்குப் பிந்தைய ஆகஸ்டில் வார்த்த பிளாக் எப்படிப் போகும்?

இன்ஜின் மாறுவது குற்றமில்லை. அரை நூற்றாண்டு ஓடிய காரில் மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அந்தப் பொய் எண்ணைக் கண்டதும் அதுவரை நம்பிய எல்லாமே ஆட்டம் கண்டது. இன்ஜினில் எண் அடிக்கத் துணிந்தவர் தகட்டை மாற்றமாட்டாரா? அந்தத் தகட்டின் நகல்கள் விலைக்குக் கிடைக்கின்றன. டேஷ்போர்டு நம்பரும் வேறு காரிலிருந்து வந்திருக்கலாம்.

விற்பவர் சம்மதத்தோடு, வெளியில் தெரியாத இரண்டு இடங்களைத் திறந்தோம். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று புகும் மூடியைக் கழற்றினால் அடியில் ஒன்று. ஹீட்டர் ஊதி மோட்டாருக்குப் பின்னால் ஒன்று. இரண்டிலும் காரின் எண்ணை உடல் தகட்டிலேயே அடித்திருப்பார்கள். துருவும் பழைய பெயின்டும் மூடியிருந்ததைச் சுரண்டாமல் கரைத்து எடுத்தோம். இரண்டும் டேஷ்போர்டு நம்பரோடு பொருந்தின. டேஷ்போர்டு தகட்டைப் பிடித்திருந்த ரிவிட்டுகள் ஆறிதழ்ப் பூ வடிவம். யாரும் தொட்ட அடையாளமில்லை. Z11 தகட்டைச் சுற்றியிருந்த பெயின்டிலும் வெட்டோ நெம்பலோ இல்லை.

ஆக, கார் அசல் இசட்-11. இன்ஜின் எண்தான் போலி. உண்மையே போதுமாக இருந்த இடத்தில், இன்னும் கொஞ்சம் உண்மையாகக் காட்ட யாரோ பொய் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பொய்யால் காருக்கு ஏறிய மதிப்பை விட, அசலான மிச்சம் முழுவதன் மேலும் விழுந்த சந்தேகம் பெரியது. நாங்கள் கழற்றிப் பார்த்ததில் பாதி, அந்த ஒரு முத்திரையைக் கண்ட பிறகு செய்த வேலை.

விற்பவருக்கும் இது தெரியாது. அவர் வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கிறது. படங்களைக் காட்டினோம், விலையைக் குறைத்தார், நண்பர் வாங்கினார். பொய் எண்ணைச் சீவிவிடலாமா என்று கேட்டேன். "அதையும் சீவினா அது இன்னொரு மறைப்பு" என்றார். இப்போது காரோடு ஒரு கோப்பு இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் மறைவிட எண்களின் படங்கள். அவற்றின் கீழே, இன்ஜின் பின்னாளில் மாற்றியது, அதன் மேலுள்ள எண்ணை நம்ப வேண்டாம் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.