கூந்தல் சொன்ன சரித்திரம்

என் தமக்கையின் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் தலையைத் துண்டால் இறுகச் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் வேறு யாருமில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகு, "மாமா, சிரிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு துண்டை அவிழ்த்தாள். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற நான் பட்ட சிரமத்தை இங்கே விஸ்தரிக்க வேண்டியதில்லை. வேரிலிருந்து இரண்டு விரற்கடைக்கு வாழைப்பழத் தோலின் மஞ்சள். அதற்குக் கீழே தோள் வரையில் பனம்பழத்தின் செம்மஞ்சள். நுனியிலோ செங்கல்லுக்கும் கரிக்கும் இடைப்பட்ட, பெயரிட முடியாத ஒரு நிறம். கோயில் மதிலில் பட்டை அடித்தவன்கூட இதைவிடச் சீராக அடித்திருப்பான்.

சாம்பல் கலந்த பொன்னிறக் கூந்தல் வேண்டுமென்ற ஆசையால், வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, ப்ளீச் பொடியும் 40 வால்யூம் டெவலப்பரும் சேர்ந்த பெட்டியொன்றை 640 ரூபாய்க்குத் தருவித்து, குளியலறையில் தானே குழைத்து, வேரில் தொடங்கி நுனிவரை பூசி, சமையலறை அலுமினியத் தாளால் மூடிக்கொண்டு ஐம்பது நிமிஷம் உட்கார்ந்திருக்கிறாள். அதற்கு முன் இரண்டு ஆண்டுகளாகக் கறுப்பு டை போட்டுக்கொண்டிருந்த தலை அது என்பதுதான் விஷயத்தின் மையம். பத்து நாளில் வீட்டில் ஒரு கல்யாணம்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு வடபழனியில் ஒரு மாடியிலுள்ள யூனிசெக்ஸ் சலூனுக்கு அவளை அழைத்துப் போனேன். துணைக்குப் போனவன் துணைக்கு மட்டும் இருந்திருக்கலாம். ஆனால் அங்கே நடந்ததைப் பார்க்கப் பார்க்க, நெசவுத் தறியையும் ஸ்தபதியின் உளியையும் தேடி ஊர் ஊராகப் போன நான், தினமும் கடந்து போகும் இந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு தொழில் இருக்கிறதென்பதைக் கவனிக்காமலே இருந்துவிட்டேனே என்ற வெட்கம் உண்டாயிற்று. பின்னர் இரண்டு முறை தனியாகவும் அங்கே போய் உட்கார்ந்தேன்.

அந்த இடத்தின் தலைமைக் கலைஞருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், விருதுநகர்ப் பக்கத்து அம்மணி. தகப்பனார் புளியமரத்தடியில் நாற்காலி போட்டுச் சவரம் செய்தவர்; பாட்டி ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்த மருத்துவச்சி. பெயரைப் போட வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். அவர் என் மருமகளின் தலையைத் தொடுவதற்கு முன்னால் செய்த காரியம், எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்டதுதான்.

"கடைசி மூணு வருஷத்துல தலையில என்னல்லாம் போட்டம்மா?"

"டை மட்டும்தான் அக்கா."

"மெஹந்தி?"

"போட்டதே இல்ல."

அவர் மறுத்துப் பேசவில்லை. தையற்காரர் வைத்திருப்பதைப் போன்ற ஒரு நாடாவை எடுத்து முடியின் நீளத்தை அளந்தார். நாற்பத்தைந்து சென்டிமீட்டர். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர் வளருகிறது. ஆகவே இந்த நுனி முளைத்து மூன்று வருஷமாகிறது. "இது முளைச்சப்போ நீ பிளஸ் டூ படிச்சிருப்பே. இந்த நுனியில ஒரு சிவப்பு இருக்கு, பாரு. அது ப்ளீச்சுக்கும் அசையல, டைக்கும் அடங்கல. இது மருதாணிச் சிவப்பும்மா." சற்று மௌனத்துக்குப் பிறகு, பரீட்சை முடிந்த விடுமுறையில் பாட்டி கொல்லையில் பறித்து அரைத்துத் தலையில் அப்பிய கதை வெளிவந்தது. அந்தப் பாட்டி என்னுடைய தாயார் என்பதால் நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டியதாயிற்று.

இங்கே வருகிறவர்கள் பொய் சொல்லுகிறார்கள் என்பதை அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை. மறந்துவிடுகிறார்கள், அல்லது வெட்கப்படுகிறார்கள். முடி மறப்பதில்லை, அவ்வளவுதான். மரத்தின் வளையங்களைப் போல, வேரில் இந்த மாதமும் நுனியில் மூன்று வருஷத்துக்கு முந்தைய கோடைகாலமுமாக, ஒவ்வொரு இழையும் தன்மீது செய்யப்பட்ட அனைத்தையும் வரிசை தவறாமல் வைத்திருக்கிறது. அதை வாசிப்பதுதான் தொழிலில் பாதி என்பது என் அபிப்பிராயம். மற்றப் பாதியைப் பிற்பாடு சொல்லுகிறேன்.

மூன்று நிறம் எப்படி வந்தது? கறுப்புச் சாயம் முடிக்குள் நுழையும்போது நிறமற்ற சிறு மூலக்கூறுகளாகவே நுழைகிறது. உள்ளே போன பிறகு ஹைட்ரஜன் பெராக்ஸைடின் உதவியால் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகி, நிறம் பெற்று, வந்த வழியே திரும்ப முடியாமல் தங்கிவிடுகிறது. வேரருகே புதிதாக வளர்ந்த முடியில் அந்தச் சாயமே இல்லை. இயற்கைக் கருமை மட்டும்தான். அதுவும் தலையின் உடற்சூடு பட்ட இடம். சூடு ரசாயனத்தை விரைவுபடுத்துமாகையால், அங்கே ப்ளீச் மளமளவென்று வேலை செய்து மஞ்சளில் கொண்டுபோய் நிறுத்திற்று. நடுப்பகுதியில் இரண்டு மூன்று அடுக்குச் சாயம். அது பாதி வழி வந்து செம்மஞ்சளில் நின்றது. ஒவ்வொரு தடவையும் நுனிவரை இழுத்துப் பூசியதால் கடைசிப் பகுதியில் ஏழெட்டு அடுக்கு. அதற்கும் அடியில் என் தாயாரின் மருதாணி. அது சற்றும் இளகவில்லை. கறுப்பு முடி வெளுக்கும்போது செம்பழுப்பு, சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்று படிப்படியாகத்தான் இறங்கும். அவளுடைய தலையில் அந்தப் படிகளெல்லாம் ஒரே சமயத்தில் காட்சி கொடுத்துக்கொண்டிருந்தன.

டெவலப்பர் குப்பிகளில் எழுதியிருக்கும் எண்களின் அர்த்தத்தையும் அன்றுதான் அறிந்தேன். 20 வால்யூம் என்றால், அந்தத் திராவகத்தில் ஒரு லிட்டர், தன்னிலிருந்து 20 லிட்டர் பிராணவாயுவை வெளிவிடும் என்று பொருள். அதில் பெராக்ஸைட் 6 சதவீதம். 40 வால்யூமில் 12 சதவீதம். தெனார் என்ற பிரெஞ்சு ரசாயன சாஸ்திரி 1818-ல் கண்டுபிடித்த இந்தப் பொருள், 1867-ல் பாரிஸ் கண்காட்சியில் கூந்தலை வெளுக்கும் வித்தையாகக் காட்டப்பட்டு, நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பெண்ணின் குளியலறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. "புதுசா ப்ளீச் பண்றவங்க கையில 40 கிடைக்கவே கூடாது சார்" என்றார் அம்மணி.

கேள்விகள் முடிந்த பின் பரீட்சைகள். பிடரியின் அடியில் யாருக்கும் தெரியாத இடத்திலிருந்து சில இழைகளை வெட்டி, ஒரு கண்ணாடித் தம்ளரில் 20 வால்யூமும் சில துளி அம்மோனியாவும் விட்டு அதில் போட்டார். கடைகளில் பொட்டலமாக விற்கும் சில கறுப்பு மெஹந்திப் பொடிகளில் உலோக உப்புக்கள் சேர்ந்திருப்பதுண்டு. அப்படியிருந்தால் திராவகம் சூடேறும், நுரைக்கும், முடி உருக்குலையும். அந்தக் கூத்து தம்ளரிலேயே நடந்துவிடட்டும், தலையில் வேண்டாம் என்பது ஏற்பாடு. அரை மணி நேரம் தம்ளர் குளிர்ச்சியாகவே இருந்தது. பிறகு ஒரு நனைந்த இழையை இரண்டு விரலால் மெதுவாக இழுத்தார். நல்ல முடி ஓரளவு நீண்டு, விட்டவுடன் பழைய நீளத்துக்குத் திரும்பும். வேரிலும் நடுவிலும் அது திரும்பிற்று. நுனி நீண்டது, திரும்பவில்லை, அறுந்தது. "சேமியா ஆயிடுச்சு" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். குழைந்து வெந்த சேமியாவைத் தவிர அதற்கு வேறு உவமை எனக்கும் தோன்றவில்லை.

இதன்பின் அவர் சொன்ன தீர்ப்பில்தான் அந்தத் தொழிலின் மற்றப் பாதியைக் கண்டேன். என் மருமகள் இன்னும் ஒரு ப்ளீச் போட்டால் எல்லாம் ஒரே மஞ்சளாகிவிடுமே, அதன்மேல் சாம்பல் நிறம் போடலாமே என்று மன்றாடினாள். கூடுதல் வேலை, கூடுதல் வருமானம். விற்பனைக்கு இலக்கு வைத்து, அதற்குமேல் போனால் கமிஷன் தருகிற தொழில் இது. அம்மணி தலையை அசைத்து, "போட்டுத் தரலாம்மா. கல்யாணத்தன்னிக்கு முடி சீப்போட வந்தா என்னைத்தானே திட்டுவே? பழுப்புக்குத் திரும்பிடலாம், பொன்னிறமெல்லாம் ஒரு வருஷம் கழிச்சுப் பேசலாம்" என்றார். செய்யத் தெரிந்தவர்கள் இந்த நகரத்தில் ஏராளம். செய்யாமலிருக்கத் தெரிந்தவரை நான் அதிகம் சந்தித்ததில்லை.

பழுப்புக்குத் திரும்புவதென்றால் ஒரு பழுப்பு டையைப் பூசிவிடுவதுதானே என்று நானும் நினைத்தேன். அப்படிப் பூசினால் வெளுத்த வேர்ப்பகுதி பாசி படிந்ததுபோல் பச்சை காட்டும். சில தலைக்குளியலில் சாயமும் வெளியேறிவிடும். பழுப்பு நிறத்துக்கு ஆதாரமாக உள்ளே இருக்க வேண்டிய சிவப்பு அங்கே பறிபோய்விட்டது. அதை முதலில் வைத்துவிட்டுத்தான் பழுப்பை வைக்க வேண்டும். இதைக் கேட்டபோது, கலம்காரித் துணியைச் சாயமிடுமுன் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைப்பார்களே, அது என் ஞாபகத்துக்கு வந்தது. நான் அதைச் சொன்னதும், அம்மணி அதற்குமுன் என்னிடம் காட்டாத மரியாதையுடன் திரும்பிப் பார்த்தார்.

நுனியில் சாயத்தைக் களையும் மருந்து பூசப்பட்டது. அது வெளுப்பதில்லை, கூடிப் பெரிதான சாய மூலக்கூறுகளைப் பிரித்துச் சிறிதாக்கி வெளியே விடுகிறது. கந்தக நாற்றம் மாடியெங்கும் பரவிற்று. பிறகு நெடுநேரம் அலசல். அடுத்து வேருக்குச் செம்பும் பொன்னும் கலந்த நிரப்புச் சாயம். அதன்பின் மூன்று கிண்ணங்கள், மூன்று பழுப்புகள்: வேருக்கு ஒன்று, செம்மஞ்சளான நடுப்பகுதிக்கு அதை அடக்கும் நீலச் சாயை கொண்டது ஒன்று, நுனிக்கு மூன்றாவது. பொற்கொல்லர் தராசைப் போன்ற சிறு எடைக்கருவியில் 30 கிராம் சாயத்துக்கு 60 கிராம் டெவலப்பர் என்று நிறுத்துக் குழைத்தார்கள். டெவலப்பரும் வெறும் 10 வால்யூம்தான். கடைசியில் நான்கு விரற்கடை நுனியை வெட்டியாயிற்று. மணி நாலரை.

அலசும் வேலை முழுவதையும் செய்தவள் மிஸோரத்திலிருந்து வந்த ஒரு பெண். இருபத்துநான்கு வயது, ஐந்து வருஷமாகச் சென்னையில் இருக்கிறாள், "அக்கா, தண்ணி சூடு ஓகேவா?" என்று கேட்கும் அவளுடைய தமிழில் வடபழனி மணக்கிறது. இரண்டாம் முறை போனபோது அவளுடைய கைகளைக் கவனித்தேன். விரலிடுக்குகளில் வெடிப்பு, புறங்கையில் தோல் தடித்துப் பொருக்காகியிருந்தது. கறுப்புச் சாயத்திலுள்ள பாரா-ஃபினைலின்டையமைன் என்ற பொருள் சிலருக்கு ஒவ்வாமையாகிவிடும். ஒரு தடவை ஒவ்வாமையாகிவிட்டால் ஆயுள் முழுவதும் அந்த உடம்பு அதை மறக்காது. தலையில் போட்டுக்கொள்கிறவர் மாதத்துக்கொரு முறை தொடுவதை இவள் நாளில் ஏழெட்டு முறை தொடுகிறாள். ப்ளீச் பொடியிலுள்ள பெர்ஸல்ஃபேட் தூசி மூச்சுக்குழலைத் தாக்கி இழுப்பை உண்டாக்கக்கூடியது. அவளுடைய தோழி ஒருத்தி அதனாலேயே தொழிலை விட்டு ஊர் திரும்பிவிட்டாளாம். தடித்த நைட்ரைல் கையுறை இருந்தால் ஓரளவு தப்பலாம். சலூனில் தருவது மெல்லிய பிளாஸ்டிக் உறை. நல்லதை அவள் தன் சொந்தக் காசில் வாங்கி மாட்டிக்கொள்கிறாள். முடிக்கு வந்த கேட்டை நான்கு விரற்கடை வெட்டித் தீர்த்துவிட்டார்கள் என்ற நினைப்பு அந்தக் கைகளைப் பார்த்தபோது எனக்கு வந்தது. அதைச் சொல்லி அவளைச் சங்கடப்படுத்தவில்லை.

பில் 6,800 ரூபாய். என் மருமகள் கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "முன்னாடி இருந்த மாதிரியே இருக்கு" என்று சற்றுக் குறையாகச் சொன்னாள். அம்மணிக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேறில்லை போலும். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படித் துண்டைச் சுற்றிக்கொண்டு யாராவது வந்து நின்றால், இன்னொரு பெட்டி வாங்கச் சம்மதிக்காதீர்கள். தொழில் தெரிந்தவரிடம் அழைத்துப் போங்கள். முக்காலியில் உட்கார்ந்து அவர் கேட்கும்போது, மூன்று வருஷத்துக் கதையை மருதாணி உட்பட முழுவதுமாகச் சொல்லிவிடச் சொல்லுங்கள். அலசுகிற பெண் என்ன கையுறை போட்டிருக்கிறாள் என்று பார்த்துவிட்டு, மெல்லியதாயிருந்தால் முதலாளியிடம் நீங்கள் ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் கேட்பதைவிட நீங்கள் கேட்டால் அவர் காதில் விழும்.