அக்கா மகளுக்கு ஒரு துப்பாக்கி

போன வருஷம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை. ஹூஸ்டனில் காலைக் காபி போட்டுக்கொண்டிருந்தேன். போனில் அக்கா மகள். வழக்கமான "சாப்டீங்களா மாமா" எல்லாம் இல்லை. எடுத்த எடுப்பில், "மாமா, ஒரு பிஸ்டல் வாங்கணும். எதுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றாள்.

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "அவன்ட்ட எதுக்குட்டி கேக்க? அவன் தீவாளித் துப்பாக்கிக்கே காதைப் பொத்துவான்."

உண்மைதான் :-)

பதினேழு வயது. ஜூனியர் காலேஜில் என்.சி.சி.யில் சேர்ந்து, அங்கே ஒரு நாள் .22 ரைஃபிளைப் பிடித்துச் சுட்டதில் பித்துப் பிடித்துவிட்டது. ஒலிம்பிக் வரை போன மும்பைக்காரி அஞ்சலி பாகவத் கூட என்.சி.சி. வழியாக வந்தவர்தானே. விசாரித்து, தாதர் தாண்டி ஒரு ரேஞ்சில் சேர்ந்து, ஒன்பது மாதமாக ஏர் பிஸ்டல் பழகிக்கொண்டிருந்தாள். ரேஞ்சின் பொதுத் துப்பாக்கியில். இப்போது சொந்தமாக ஒன்று வேண்டுமாம்.

நான் வளர்ந்தது சீத்தா கேம்ப்பில். தெரியாதவர்களுக்காக: மான்குர்டில் இறங்கி பஸ் பிடித்து, அனுசக்தி நகரைத் தாண்டிப் போனால் ட்ராம்பேயில் வரும். 1976 மே மாதம், நெருக்கடி நிலைக் காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி இருந்த ஜனதா காலனியை இடித்து, அங்கிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து கொட்டிய சதுப்பு நிலம் அது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எங்கள் அப்பாவும் அம்மாவும் அந்த லாரியில் வந்தவர்கள். நான் பிறந்தது அதற்குப் பிறகு. பம்பாய்த் தமிழில் கோலி என்போமே, அந்தப் பத்துக்குப் பதினைந்து அடி அறையில்தான் அக்கா இன்றும் இருக்கிறாள். மேலே ஒரு மாடி ஏற்றியிருக்கிறார் அத்தான். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த அறைக்குள் ஒரு துப்பாக்கியா?

நான் எஞ்சினியர். எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். எக்ஸெல் ஷீட் போட்டேன். ஸ்டெயர், மொரீனி, வால்தர், பார்தினி, ஃபைன்வெர்க்பாவ். எடை, நீளம், டிரிகர் வகை, சிலிண்டர் கொள்ளளவு, விலை என்று பதினான்கு பத்திகள். கடைசியில் எலெக்ட்ரானிக் டிரிகர் வைத்த மொரீனிக்கு மஞ்சள் பூசி அனுப்பினேன். லட்ச ரூபாய்க்கு மேலே. மாமன்காரன் டாலரில் சம்பாதிக்கிறேன் இல்லையா, அந்த மிதப்பு. பதில் பத்து நிமிடத்தில் வந்தது.

"மாமா, இதுல என் கை எங்க இருக்கு?"

எனக்குப் புரியவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இடையில் ஒன்று நடந்தது. அலுவலகத்தில் ஒரு நண்பர், ஹூஸ்டன்காரர். "துப்பாக்கி பற்றி எக்ஸெலில் படித்தால் எப்படி, வா" என்று வார இறுதியில் ஒரு ரேஞ்சுக்கு இழுத்துப் போனார். அந்த ஊரில் துப்பாக்கி என்பது நம் வீட்டு ஸ்க்ரூ டிரைவர் மாதிரி. கண்ணாடி அலமாரியில் வரிசையாக 9 மி.மீ. துப்பாக்கிகள். சினிமாவில் பார்த்த ஒன்றைக் காட்டி அதுதான் வேண்டும் என்றேன். பயிற்சி கொடுக்கும் பெரியவர் காது கேளாதவர் போல ஒரு .22ஐ எடுத்து வைத்தார். அரை மணி கழித்து, நான் கெஞ்சியதால், 9 மி.மீ. கொடுத்தார். எனக்குத் தெரியாமல் நடுவில் ஒரு வெற்றுத் தோட்டாவைச் செருகியிருந்தார். டிரிகரை இழுத்தேன். வெடிக்கவில்லை. ஆனால் என் மணிக்கட்டு சடக்கென்று கீழே குத்தியது, கண் மூடிக்கொண்டது. வராத உதைக்குப் பயந்து உடம்பு முன்கூட்டியே செய்த வேலை அது. இந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் உரித்தெடுக்க மாதக்கணக்கில் ஆகுமாம். அதனால்தான் முதலில் உதைக்காத துப்பாக்கி.

ஏர் பிஸ்டலில் அந்தப் பயம் கிட்டத்தட்ட இல்லை. வெடிமருந்தே கிடையாது. அழுத்திய காற்று, 4.5 மி.மீ. ஈயக் குண்டு, சுமார் அரை கிராம். நம் சட்டத்திலும் அது வேறு சாதி. 2016 ஆயுத விதிகளின்படி, .177 அளவுக்குள், 20 ஜூலுக்கு மிகாத ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். போட்டிக்கான ஏர் பிஸ்டலின் ஆற்றல் ஆறு ஜூல் பக்கம்தான். அடையாளச் சான்று, முகவரிச் சான்று கொடுத்து வாங்கலாம். .22 என்றால் கதையே வேறு, லைசென்ஸ் வேண்டும்.

இதையெல்லாம் அக்காவிடம் போனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள். "ஏலேய், நீ சொல்ற சட்டம் சரிதான். ஆனா முகவரிச் சான்றுல சீத்தா கேம்ப்னு இருக்கும். கையில துப்பாக்கிப் பெட்டி இருக்கும். மான்குர்ட் ஸ்டேஷன்ல எவனாவது பொட்டியத் திறன்னு சொன்னா, நீ ஹூஸ்டன்லேருந்து வந்து ஜூல் கணக்கு சொல்லுவியா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. படித்து முடித்து வேலை தேடிய நாளில், விண்ணப்பத்தில் முகவரியை "ட்ராம்பே" என்று மட்டும் எழுதியவன் நான். ஒரு நேர்முகத் தேர்வில் சீத்தா கேம்ப் என்று வாய்விட்டுச் சொன்னதும், எதிரே இருந்தவர் பேனாவை மூடி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் அன்றைக்கு ஒரு பொம்மைத் துப்பாக்கி கூட இல்லை.

டிசம்பரில் லீவு போட்டுப் போனேன். மறுநாளே ரேஞ்ச். பஸ், ஹார்பர் லைனில் குர்லா, மாறி தாதர், மறுபடி பஸ். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். வாரத்தில் நான்கு நாள் இதைச் செய்கிறாள் என்பதே எனக்கு அன்றுதான் உறைத்தது.

கோச் மராத்திக்காரர், கறார் மனிதர். என்னுடைய ஷீட்டை மடிக்கணினியில் பார்த்துவிட்டுச் சிரிக்கக் கூட இல்லை. அதற்குள் அங்கே ஒரு விஷயம் வெளியாகியிருந்தது. ஆகஸ்ட்டில் ஒரு நாள் அவர் பெல்லட் டப்பா ஒன்றை இவள் பக்கம் தூக்கிப் போட, இவள் இடது கையால் லபக்கென்று பிடித்திருக்கிறாள். "ஏ, தூ லெஃப்டி ஹை க்யா?" என்று கேட்டாராம். ஆமாம். ஒன்பது மாதம் வலது கையில் சுட்டுக்கொண்டிருந்தாள். ஏன் சொல்லவில்லை? ரேஞ்சில் இருந்த பொதுத் துப்பாக்கிகள் எல்லாமே வலது கை கிரிப். கொடுத்ததை வாங்கிப் பிடித்தாள். வீட்டிலும் அப்படித்தான் பழக்கம்.

"என் கை எங்க இருக்கு" என்று அவள் கேட்டது அதைத்தான்.

போட்டித் துப்பாக்கியின் கிரிப் என்பது சும்மா ஒரு கைப்பிடி இல்லை. கையின் வடிவத்துக்குச் செதுக்கிய மரம். கட்டைவிரல் படுக்க ஒரு பள்ளம், உள்ளங்கையைத் தாங்க ஏற்றி இறக்கும் ஒரு தட்டு. வலது கைக்குச் செய்ததில் இடது கை நுழையவே நுழையாது. அதிலும் சின்னது, நடுத்தரம், பெரியது என்று அளவு உண்டு, செருப்பு மாதிரி. கிரிப் பெரிதாக இருந்தால் விரல் நுனி டிரிகருக்கு எட்டாமல் துப்பாக்கியைப் பக்கவாட்டில் இழுக்கும். பத்து மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மி.மீ. சட்டைப் பட்டன் அளவு. அங்கே அந்தச் சின்ன இழுப்பு போதும். அறுபது குண்டு, 75 நிமிடம், ஒரு கை மட்டும்.

கண்ணையும் பார்க்கச் சொன்னார் கோச். இரண்டு கையையும் நீட்டி, நடுவில் சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியாகத் தூரத்தில் ஒரு பொருளைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது பொருள் காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் ஆளும் கண். அவளுக்கு இடது கை, இடது கண், பொருத்தம். எனக்கு வலது கை, இடது கண்! நாற்பது வருடத்துக்கு மேல் இது தெரியாமலே இருந்திருக்கிறேன். ஹூஸ்டனில் நான் சுட்டதெல்லாம் ஏன் ஓரமாகப் போனது என்பதற்கு ஒரு சாக்குக் கிடைத்தது.

பிறகு வேலை சுலபமாகிவிட்டது. கோச்சின் கணக்கில் மூன்றே கேள்விகள்தான். இடது கைக்கு சின்ன கிரிப் கிடைக்குமா? ஒரு கிலோவுக்குள் எடை இருக்குமா? பழுதானால் நாளைக்கே சரிசெய்ய மும்பையில் ஆள் உண்டா? மூன்றாவதுதான் என் மஞ்சள் பூசிய மொரீனியைச் சாய்த்தது. நல்ல துப்பாக்கிதான், ஆனால் அந்த ரேஞ்சில் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. 2021 ஜூலையில் டோக்கியோவில் மனு பாக்கர் துப்பாக்கி பழுதாகி, பாதிப் போட்டியில் வெளியே போய்ச் சரிசெய்து வந்து சுட்டு, 575 புள்ளியோடு 12-வது இடத்தில் நின்றது நினைவிருக்கலாம். 2024-ல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கித் தீர்த்தார், அது வேறு. ஒலிம்பிக் ஆளுக்கே அந்த நிலை என்றால் சீத்தா கேம்ப் பிள்ளைக்கு?

ஏன் ரைஃபிள் இல்லை என்று நானும் கேட்டேன். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த நம்ம இளவேனில் வாலறிவன் ரைஃபிள்தானே, நம்மை மாதிரியே வெளியூர்க் குடும்பத்துப் பெண் ஆயிற்றே என்று ஒரு ஆசை. ரைஃபிளுக்கு விறைத்த கான்வாஸ் கோட்டு, கால்சட்டை, விசேஷ ஷூ என்று தனிச் செலவு உண்டு. பிஸ்டலுக்கு கணுக்காலை மூடாத ஒரு ஷூ போதும்.

கடைசியில் வாங்கியது ஒரு பழைய ஸ்டெயர் எல்.பி.2. மெக்கானிக்கல் டிரிகர். ரேஞ்சில் சுடும் ஒரு வங்கி ஊழியர் மேல் மாடலுக்கு மாறியதால் கொடுத்தார். புதுசு விலையில் பாதிக்கும் கீழே. வாங்குவதற்கு முன் கோச் இரண்டு காரியம் செய்தார், பழையது வாங்குகிறவர்கள் மறக்காமல் செய்யுங்கள். ஒன்று, காற்றுச் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பார்த்தார். பத்து வருடத்துக்கு மேல் போனால் போட்டியில் ஏற்கமாட்டார்கள். அதில் ஒரு வருடம்தான் பாக்கி. விலை இன்னும் குறைந்தது. அடுத்து, 500 கிராம் எடைக்கல்லை டிரிகரில் மாட்டித் தூக்கினார். டிரிகர் அதைத் தாங்க வேண்டும். தாங்கவில்லை, டக்கென்றது. அங்கேயே திருகி இறுக்கினார். இடது கை கிரிப் தனியாக வரவழைக்க ஆறு வாரம்.

இத்தனையும் முடிந்து வீட்டுக்கு வந்து சொன்னோம். அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே இருந்தவள், "பீச்சாங்கைலயா சுடப்போறா?" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "சின்னப் புள்ளையில சோத்துக்கும் எழுத்துக்கும் நாந்தான் ஸ்கேலால அடிச்சு மாத்தினேன். அங்கயும் போயி வாயத் தொறக்காம வலது கையில புடிச்சிருக்கா பாரு." மாவுக் கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் வாசலைப் பார்த்தேன்.

துப்பாக்கி வீட்டுக்கு வரவில்லை. அதில் அக்கா சொன்னதுதான் நடந்தது. ரேஞ்சில் லாக்கர் எடுத்தோம். ரசீது, சங்கத்து அட்டை எல்லாம் பிளாஸ்டிக் உறையில் அவள் பையில் இருக்கின்றன. போட்டிக்கு எடுத்துப் போகும் நாளில் அத்தான் கூடப் போவார் என்று முடிவானது. இந்த ஏற்பாட்டில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. சட்டப்படி வைத்திருக்கும் பொருளை ஒரு பிள்ளை ஏன் ஒளித்து வைக்க வேண்டும் என்று கோபம் வருகிறது. ஆனால் மான்குர்ட் ஸ்டேஷனில் நிற்கப் போவது நான் இல்லை.

ஆனால் இந்த விளையாட்டில் பாதிப் பயிற்சி குண்டில்லாமல்தான். கையை நீட்டி, மூச்சை அடக்கி, முன் சைட்டை மட்டும் தெளிவாகப் பார்த்து அசையாமல் நிற்பது. வீட்டில் துப்பாக்கி இல்லாமல் அதை எப்படிச் செய்வது? கோச்சே வழி சொன்னார். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். கிட்டத்தட்ட ஒரு கிலோ. காலையில் சுவரைப் பார்த்து இடது கையில் பாட்டிலை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், ஒரு தடவைக்கு இருபது விநாடி. வாசல் திறந்தே இருக்கிறது. போகிற வருகிறவர்களுக்கு அது வெறும் பாட்டில். ரேஞ்சிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டைத் தொடக்கூடாது, ஈயம், என்று மட்டும் நான் சட்டம் போட்டிருக்கிறேன்.

இடது கைக்கு மாறிய முதல் வாரம் 600-க்கு 440-ஐத் தொடவில்லை. வலது கையில் 500 எடுத்தவள். அழுதாளாம், அக்கா சொன்னாள். மார்ச்சில் 521.

போன ஞாயிறு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தோம். அவள் புது டார்கெட் அட்டையை கேமராவுக்கு முன் ஆட்டிக் காட்டினாள். பின்னால் அடுப்படிப் பக்கம் ஏதோ அசைவு. அக்கா. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடது கையில் பாட்டிலை நீட்டிப் பிடித்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை வரைக்கும் வருது அக்கா?" என்றேன்.

"பேச்சுக் குடுக்காதலே, பதினாலு" என்றாள்.