ரேணிகுண்டாவில் பதினைந்து கட்டங்கள்

சென்னையிலிருந்து மும்பை போகும் வண்டிகள் திருப்பதிக்குள் போவதில்லை. மலைக்குப் போகிறவர்கள் ரேணிகுண்டாவில் இறங்க வேண்டும். பத்து கிலோமீட்டர் தள்ளித்தான் திருப்பதி. இறங்கிய கூட்டம் வெளியே வரும்போதே ஆட்டோக்காரர்கள் "திருப்பதி, திருப்பதி" என்று கூவத் தொடங்கிவிடுவார்கள். திரும்பி வரும் கூட்டம் மொட்டைத் தலைகளோடும் லட்டுப் பைகளோடும் பிளாட்பாரத்தில் துண்டை விரித்துப் படுத்திருக்கும். அடுத்த வண்டி எப்போது என்ற கேள்வியை என் சிறுவயதில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மராத்தி, இந்தி என ஐந்து மொழிகளிலும் கேட்டிருக்கிறேன்.

1862-ல் மெட்ராஸ் ரயில்வேயின் தண்டவாளம் வந்து சேர்ந்த ஊர் இது. குண்டக்கல் கோட்டம் 1977 வரை தென்னக ரயில்வேயில் இருந்தது, பிறகு தென் மத்திய ரயில்வேக்குப் போனது. அதற்கு முன்பு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல அப்படியே தங்கிவிட்டன. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் இரண்டும். அப்பாவுக்கு கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் வேலை. ரயில்வேக்காரர்கள் டிஎக்ஸார் என்பார்கள். வந்து நிற்கும் வண்டியைப் பரிசோதித்து அனுப்புகிறவர்.

ஸ்டேஷனிலிருந்து குவார்ட்டர்ஸுக்குப் போகும் வழியில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. முன்பக்கம் எஸ்.டி.டி பூத், பின்பக்கம் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இரண்டு டிவி. ஆரம்பத்தில் மஞ்சள் கேசட் செருகி ஆடும் பெட்டிதான். கான்ட்ரா, மாரியோ, செங்கல் சுவருக்குள் சுட்டுக்கொண்டே போகும் டாங்க் விளையாட்டு. 1999-ல் அந்தக் கடைக்கு பிளேஸ்டேஷன் வந்தது. ஜப்பானில் அது 1994 டிசம்பரிலேயே வந்துவிட்டது என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும். ஒரு மணி நேரத்துக்குப் பத்து ரூபாய். கடைக்காரரை எல்லோரும் அன்னா என்றுதான் கூப்பிடுவோம்.

கடையில் ஒரே ஒரு மெமரி கார்டு. அதில் பதினைந்து கட்டங்கள். ஆட்டத்தைச் சேமித்தால் ஒரு கட்டத்தில் ஒரு சின்னப் படம் வந்து உட்கார்ந்து அசையும். ரெசிடென்ட் ஈவில் ஆடுகிறவனுக்கு ஒன்று, கிரான் டூரிஸ்மோவில் கார் சேர்க்கிறவனுக்குச் சில என்று பதினைந்தும் எப்போதும் நிறைந்திருக்கும். எந்தக் கட்டம் யாருடையது என்று அன்னா ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். காசு அதிகம் தருகிறேன், ஒரு கட்டத்தைக் காலி செய்யுங்கள் என்று வெளியூர்ப் பையன் ஒருவன் கேட்டபோது அன்னா மறுத்துவிட்டார். "ஒகரிதி தீசி இங்கொகரிகி இவ்வனுரா." ஒருத்தனுடையதை எடுத்து இன்னொருத்தனுக்குத் தர மாட்டேன் என்றார். அந்த அட்டையில் என் பெயர் மூன்று இடத்தில் இருந்தது.

கையில் காசு இல்லாத சாயங்காலங்களில் முதல் பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் கூடுவோம். பேச்சு பெரும்பாலும் இன்னும் வராத விளையாட்டுகளைப் பற்றித்தான். பிளேஸ்டேஷன் 2 வந்துவிட்டதாமே, அதில் டிவிடி படமும் ஓடுமாமே, டெக்கன் அடுத்த பாகத்தில் யார் யார் இருப்பார்கள். துபாயில் இருக்கும் மாமா பையன் சொன்னான், சென்னையில் படிக்கும் அக்கா ரிச்சி தெருவில் பார்த்தாள் என்று ஒவ்வொருவனும் ஒரு செய்தி கொண்டுவருவான். பிளாட்பாரப் புத்தகக் கடைக்கு ஆங்கிலக் கணினி இதழ்கள் வரும். 2001-ல் டிஜிட் வரத் தொடங்கியதும் நான்கு பேர் காசு போட்டு ஒரு பிரதி வாங்கினோம். அதோடு வரும் சிடியில் கணினிக்கான டெமோக்கள் இருக்கும். ஊரிலிருந்த ஒரே பிரவுசிங் சென்டரில் கெஞ்சிக் கேட்டு அவற்றை ஓட்டிப் பார்ப்போம்.

டெமோ என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. வரப்போகும் விளையாட்டின் ஒரு கட்டத்தை மட்டும் முன்னதாகக் கொடுப்பார்கள். பத்து நிமிடம், மிஞ்சினால் அரை மணி. அந்த ஒரு துண்டுக்காகவே ஆட்கள் ஏங்கிக் கிடந்தார்கள். மெட்டல் கியர் சாலிட் 2-இன் டெமோ உள்ளே இருக்கிறது என்பதற்காகவே 2001-ல் ஸோன் ஆஃப் தி எண்டர்ஸ் என்ற வேறொரு விளையாட்டை வாங்கியவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். எங்களுக்கு அந்த வசதி கிடையாது. அப்பாவின் ரயில்வே பாஸில் சப்தகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை போகும் நாளில், பர்மா பஜார் நடைபாதையில் டெமோ தட்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடுவேன். ஒரு தட்டில் எட்டு, பத்து விளையாட்டுகளின் துண்டுகள் இருக்கும். விலையும் குறைவு. முழு விளையாட்டு வாங்கப் போனவர்கள் அதைத் தொடமாட்டார்கள். நான் அதைத்தான் வாங்கி வருவேன். அன்னா கடையில் அதைப் போட்டதும் பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்கள். ஒரே மதில், ஒரே தெரு, ஒரே பந்தயச் சுற்று. அதையே நாற்பது தடவை ஆடுவோம். நாற்பதாவது தடவையில், அந்தச் சுவரின் இந்த மூலையில் ஆள் பாதி உள்ளே போகிறான் என்று கண்டுபிடிப்பான் ஒருவன். முழு விளையாட்டு கையில் இருந்திருந்தால் அந்த மூலையை யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

டெக்கன் 3-இல் டாக்டர் பாஸ்கோனோவிச் என்ற கிழவரை வரவழைக்கலாம் என்ற செய்தி 2000-ல் எங்களிடம் வந்தது. டெக்கன் ஃபோர்ஸ் என்ற பகுதியை நான்கு முறை முடிக்க வேண்டும், நான்காவது முறை அவரையே தோற்கடிக்க வேண்டும். இப்படி வந்த செய்திகளில் பாதி புளுகு. அதனால் ஒரு நோட்டு போட்டோம். யார் சொன்னது, என்ன செய்தோம், என்ன நடந்தது. மூன்று பேர் மாறி மாறி ஆடினோம். கார்டில் இடம் இல்லை, சேமிக்காமல்தான் ஆட வேண்டும். மூன்றாவது முறை முடிகிற நேரத்தில் கரண்ட் போனது. இருட்டில் யாரும் பேசவில்லை. அன்னா அந்த மணி நேரத்துக்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் முதலிலிருந்து தொடங்கி நான்கையும் முடித்தோம். டாக்டர் வந்தார். 'நிஜம்' என்று நோட்டில் எழுதியபோது எனக்குக் கிடைத்த நிறைவை எந்த வெற்றியிலும் நான் கண்டதில்லை.

சாயங்காலம் நாங்கள் கூடும் அந்த பிளாட்பார பெஞ்சிலிருந்து பார்த்தால் அப்பா வேலை செய்வது தெரியும். வண்டி நின்றதும் நீளக் கைப்பிடி போட்ட சுத்தியலோடு இறங்குவார். ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு தட்டு. நல்ல சக்கரம் மணி போல நாதம் விடும். விரிசல் விழுந்த சக்கரம் மண்பானையைத் தட்டின மாதிரி சத்தமில்லாமல் அடங்கிவிடும். ஆக்ஸில் பெட்டிக்குப் பக்கத்தில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். இரவு வண்டியில் மேல் படுக்கையில் தூங்குகிற எவருக்கும் அவர் வந்து போனது தெரியாது. பழுது கண்டால் அந்தப் பெட்டியில் சிக் என்று சீட்டு ஒட்டிவிடுவார். சீட்டு ஒட்டிய பெட்டி வண்டியோடு போகாது. அதைக் கழற்றிப் பழுது பார்க்கும் சிக் லைனுக்குத் தள்ளிவிடுவார்கள். வண்டி தாமதமாகிறதே என்று கார்டும் டிரைவரும் கடுகடுப்பார்கள். அப்பா பதில் சொல்லமாட்டார். ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

2006-ல் நான் நாராயணாத்ரி எக்ஸ்பிரஸில் ஹைதராபாத் போனேன். விளையாட்டுகளைச் சோதிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை. முதலில் ஜாவா போன்களுக்கான சின்ன விளையாட்டுகள். ஒரே விளையாட்டை டஜன் கணக்கான போன்களில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு கன்சோல் பக்கம் மாற்றினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவில் விற்பனைக்கு வந்தது, அடுத்த ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 3. இந்தியாவிலேயே முழுக்க உருவாகி பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த முதல் விளையாட்டான ஹனுமான்: பாய் வாரியர், 2009-ல் அதே ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜிஸிலிருந்து வந்தது. அந்த நகரத்தில் இருந்தவர்களுக்கு அது பெருமையான வருடம்.

விளையாடச் சம்பளம் தருகிறார்களாமே என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். வேலை அப்படிப்பட்டதில்லை. ஒரே சுவரில் ஐந்நூறு தடவை ஆளை மோதவிட வேண்டும். ஆடும்போது நடுவில் கன்ட்ரோலரைப் பிடுங்க வேண்டும். விளையாட்டு தானே நின்று, கன்ட்ரோலர் இல்லை என்று சொல்ல வேண்டும். சேமிக்கும் நேரத்தில் கார்டை உருவிப் பார்க்க வேண்டும். இரவு முழுக்கத் தொடாமல் ஓடவிட்டு, காலையில் வந்து உறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ ஒவ்வொன்றுக்கும் இதற்கென்று தனி விதிப் பட்டியல் உண்டு. அதில் தேறாத விளையாட்டு கடைக்குப் போக முடியாது. பழுது கண்டால் எந்தப் பொத்தான், எத்தனையாவது நொடி, பத்துக்கு எத்தனை தடவை என்று படிப்படியாக எழுத வேண்டும். படிக்கிறவர் அதைத் தன் மேசையில் அப்படியே திரும்ப நிகழ்த்த முடிய வேண்டும்.

முதல் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அப்பா கேட்டார். "என்ன வேலைடா பண்ற?"

"கேம்ல பழுது கண்டுபிடிக்கிற வேலைப்பா."

"அப்ப டிஎக்ஸார்னு சொல்லு." கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "சிக் பண்ற அதிகாரம் உனக்கு உண்டா?"

இல்லை என்றேன். நாங்கள் எழுதித் தருவோம். அதைச் சரிசெய்வதா, அப்படியே விட்டுவிடுவதா என்பதை மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள்.

"அப்ப எழுதுறத ஒழுங்கா எழுது. நீ எழுதலைன்னாதான் அது உன் தப்பு."

அவர் வேலையைப் பற்றி என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

அதற்கு அடுத்த ஆண்டு ஒரு விளையாட்டில் சேமித்த ஆட்டம் காணாமல் போனது. இருபது தடவையில் ஒரு தடவை. எழுதி அனுப்பினேன். எங்களிடம் நிகழவில்லை என்று திரும்பி வந்தது. வெளியீட்டுத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, விட்டுவிடு என்றார்கள். எனக்கு அன்னா கடைச் சுவரில் இருந்த அட்டை நினைவுக்கு வந்தது. எங்கோ ஒரு ஊரில், பத்து ரூபாய் கொடுத்து ஆடும் ஒரு பையனின் கட்டம் அது. மூன்று இரவு அலுவலகத்தில் தங்கினேன். மூன்றாவது இரவில் வழி பிடிபட்டது: கார்டு கிட்டத்தட்ட நிறைந்து, ஒரே ஒரு கட்டம் மிச்சமிருக்கும்போது மட்டும் நிகழ்கிறது. பத்துக்குப் பத்து. எழுதினேன், சரிசெய்தார்கள். அந்த விளையாட்டின் இறுதியில் ஓடும் பெயர்களில் எங்கள் குழுவின் பெயர் எதுவும் வரவில்லை. அது எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்தப் பழுதும் கடைக்குப் போகவில்லை.

இன்று விளையாட்டுகள் தட்டில் வருவது குறைந்துவிட்டது. வெளியான நாளிலேயே பல ஜிபி திருத்தம் இறங்குகிறது. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற தைரியத்தில் பாதி வெந்ததை விற்கிறார்கள். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வெளியாகி ஒரு வாரத்தில், சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டு, வாங்கியவர்களில் கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. அது திரும்பி வர 2021 ஜூன் ஆனது. ஓடத் தகுதியில்லாத பெட்டியை ஓடவிட்டு, நடுவழியில் கழற்றிச் சிக் லைனில் தள்ளின கதை அது. தேதிக்காகச் சக்கரத்தைத் தட்டாமல் விட்டால் இதுதான் நடக்கும். அங்கேயும் யாரோ ஒருவர் எழுதி வைத்திருப்பார் என்று நம்புகிறேன்.

ரேணிகுண்டா இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து பிரித்தார்கள். விமான நிலையத்தைச் சுற்றி மின்னணுத் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. டிவியும் போனும் எங்கள் ஊரில் ஒன்றுசேர்கின்றன. சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போய்வருகிறார்கள். எங்கள் காலத்தில் பர்மா பஜார் வரை போய்த் தேடிய பொருள்கள். எஸ்.டி.டி பூத் போனதும் அன்னாவின் கடையும் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது டிபன் கடை.

கடையை மூடிய வருடம் அன்னா என்னைக் கூப்பிட்டு மெமரி கார்டைக் கையில் கொடுத்தார். "நுவ்வே உஞ்சுகோ" என்றார், நீயே வைத்துக்கொள் என்று. சுவரில் இருந்த அட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தப் பெயர்களில் ஒருவன் குண்டக்கல்லில் லோகோ பைலட், ஒருவன் குவைத்தில், ஒருவன் இப்போது இல்லை.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பழைய பிளேஸ்டேஷன் ஒன்றைத் தேடிப்பிடித்து அந்தக் கார்டைச் செருகிப் பார்த்தேன். பதினைந்து கட்டங்களும் இருந்தன. அட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்றும் அழியவில்லை.