ரீட்டா ஹேவொர்த்: போஸ்டருக்குப் பின்னால்

'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' பார்க்காத ஆள் நம்ம டைம்லைன்ல ரொம்பக் குறைவு. அதுல கைதிகள் எல்லாம் இருட்டுல உட்கார்ந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பார்ப்பாங்க. திரையில ஒரு பெண் சட்டுன்னு தலையைத் தூக்கி, முடியைப் பின்னால வீசிட்டுப் பார்ப்பாங்க. மொத்த ஜெயிலும் கத்தும்.

அந்தப் படம் 'கில்டா' (1946). அந்தப் பெண் ரீட்டா ஹேவொர்த். ஹீரோ ஆண்டி முதன்முதலா செல் சுவத்துல ஒட்டுற போஸ்டரும் அவங்களோடதுதான். ஸ்டீபன் கிங் எழுதின மூலக் குறுநாவலோட தலைப்புலயே அவங்க பேர் இருக்கு.

இந்த இழை அவங்களைப் பத்தினது. கொஞ்சம் நீளம். பாதியை ரசிகன் எழுதுறான், மீதியை டாக்டர் எழுதுறான். பொறுத்துக்கோங்க.

பழைய ஹாலிவுட் பைத்தியம் எனக்கு எம்பிபிஎஸ் படிக்கும்போது பிடிச்சது. ஹாஸ்டல்ல எல்லாரும் புதுப்பட சிடி தேடுவாங்க, நான் போகார்ட், பெர்க்மன், கேரி கிராண்ட்னு தேடுவேன். அந்த வரிசையில ஒரு நாள் 'கில்டா' வந்தது. ஷாஷாங்க் கைதிகள் ஏன் கத்தினாங்கன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

கதை பியூனஸ் அயர்ஸ்ல ஒரு சூதாட்ட விடுதியில நடக்கும். ஒரு பாட்டுல கறுப்பு சாட்டின் கவுன், முழங்கைக்கு மேல வரைக்கும் கையுறை. ரீட்டா ஆடிக்கிட்டே ஒரே ஒரு கையுறையை மெதுவா கழட்டுவாங்க. அவ்வளவுதான். 'இதுக்கா இவ்வளவு பேச்சு?'ன்னு கேட்டீங்கன்னா, போய்ப் பாருங்கன்னுதான் சொல்வேன். (குரல் அவங்களோடது இல்ல, அனிட்டா எல்லிஸ் பாடினது. ஆட்டம் முழுக்க அவங்களோடது.)

இன்னொண்ணு. டி சிகாவோட 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) பார்த்திருக்கீங்களா? அந்த ஏழைத் தொழிலாளி ரோம் நகரத்துல சுவத்துல போஸ்டர் ஒட்டிக்கிட்டு இருக்கும்போதுதான் சைக்கிள் திருடு போகும். அவர் ஒட்டுறது 'கில்டா' போஸ்டர். போர் முடிஞ்ச மூணே வருஷத்துல, சோத்துக்கு இல்லாத ஊர்லயும் அந்த முகம் சுவர்ல இருந்தது.

இப்போ அந்த முகம் எப்படி உருவாச்சுன்னு பார்ப்போம்.

பிறந்தது 1918, நியூயார்க்கின் புரூக்ளின். இயற்பெயர் மார்கரிட்டா கார்மென் கான்சினோ. அப்பா எட்வர்டோ கான்சினோ, ஸ்பெயின்ல இருந்து வந்த நடனக் கலைஞர். பதின்பருவத்திலேயே மகளைத் தன் ஜோடியா சேர்த்துக்கிட்டு, எல்லை தாண்டி மெக்சிகோவின் டிஹுவானா கிளப்புகள்ல ஆட வெச்சார்.

சினிமாவுக்கு வந்ததும் கொலம்பியா ஸ்டுடியோ அந்தப் பொண்ணைத் திருத்தி எழுத ஆரம்பிச்சது. கான்சினோங்கிற பேர் ரொம்ப ஸ்பானிஷா இருக்குன்னு அம்மா வழிப் பேரான ஹேவொர்த் வந்தது. கறுப்பு முடி செம்பட்டை ஆச்சு. நெத்தி சின்னதா இருக்குன்னு, மின்சாரம் செலுத்தி முடியோட வேரை ஒவ்வொண்ணா அழிச்சு நெத்தியை ஏத்தினாங்க. எலக்ட்ராலிசிஸ்னு சொல்வோம். மாசக்கணக்குல உட்காரணும், வலிக்கும். திரையில அந்த முடி வீச்சைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

1941-ல லைஃப் பத்திரிகை ஒரு படம் போட்டது. கட்டில் மேல மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிற ரீட்டா. இரண்டாம் உலகப் போர்ல சிப்பாய்கள் பெட்டிக்குள்ள வெச்சுக்கிட்டுப் போன படங்கள்ல அது முக்கியமானது. 1946 ஜூலையில பிகினி தீவுல அமெரிக்கா சோதிச்ச அணுகுண்டு மேலயும் அவங்க படத்தை ஒட்டி, கில்டான்னு எழுதினாங்க. அவங்க இதைக் கேட்டு ஆத்திரப்பட்டதா அப்போ கணவரா இருந்த ஆர்சன் வெல்ஸ் பிற்பாடு சொல்லியிருக்கார். யாரும் அவங்க சம்மதம் கேட்கல.

இதுல ஒரு ஒழுங்கு தெரியுதா? அப்பா, ஸ்டுடியோ, பத்திரிகை, ராணுவம்னு ஆளாளுக்கு அந்த முகத்து மேல அவங்களுக்கு வேணுங்கிறதை ஒட்டினாங்க. கடைசியா ஒட்டின ஒரு வார்த்தைதான் எனக்குப் பெரிய வருத்தம். அது 'குடிகாரி'.

1971-ல ஒரு மேடை நாடகத்துக்கு முயற்சி பண்ணாங்க. வசனம் மனசுல நிக்கல. கைவிட்டாச்சு. அடுத்த வருஷம் வந்த 'தி ராத் ஆஃப் காட்'தான் அவங்க கடைசிப் படம். அதுல ஒரு வரி சொல்ல வெச்சு எடுப்பாங்க, நிறுத்துவாங்க, அடுத்த வரி. அப்படித்தான் காட்சிகளை முடிச்சாங்க. 1941-லயும் 42-லயும் ஃப்ரெட் அஸ்டேர் மாதிரி ஆள் கூட இரண்டு படங்கள்ல சிக்கலான அடவுகளை மனசுல வெச்சு ஆடினவங்களுக்கு, ஐம்பத்து மூணு வயசுல ஒரு வாக்கியம் தங்கல.

1976 ஜனவரி. லண்டன் ஹீத்ரோ விமான நிலையம். விமானத்துல ரகளை, இறங்க மறுப்பு, கூச்சல். தலை கலைஞ்சு, கண்ணுல பயத்தோட இறங்கி வர்ற ரீட்டாவை கேமராக்காரங்க சூழ்ந்துக்கிட்டாங்க. மறுநாள் அந்தப் போட்டோக்கள் உலகம் முழுக்கப் போச்சு. எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தாங்க. அளவுக்கு மிஞ்சிக் குடிச்சிருக்கா.

இந்த இடத்துல ரசிகனை உட்கார வெச்சுட்டு டாக்டர் பேசறேன்.

ரீட்டா குடிச்சாங்க, அது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா அந்த ஒரு உண்மை, பின்னால இருந்த பெரிய உண்மையை மறைச்சிடுச்சு. புது வசனம் தங்காம போறது மூளையில ஹிப்போகாம்பஸ் பகுதி பாதிக்கப்படும்போது முதல்ல தெரியிற அறிகுறி. பழசு இருக்கும், புதுசு ஏறாது. நீண்ட பயணம், தெரியாத முகங்கள், அடைச்ச இடம் எல்லாம் சேரும்போது மறதி நோய் உள்ளவங்களுக்குக் குழப்பம் வரும், பயம் வரும், பயம் கோபமா வெளியே வரும். ஹீத்ரோ போட்டோக்களை இன்னைக்குப் பார்க்கிற எந்த டாக்டருக்கும் முதல்ல தெரியிறது அந்தப் பயம்தான்.

அன்னைக்கு ஏன் தெரியல? டாக்டர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் இந்த நோயை விவரிச்சது 1906-ல. அவர் பார்த்த முதல் நோயாளி ஆகஸ்ட் டெட்டர்ங்கிற பெண்மணி. மருத்துவமனைக்கு வரும்போது வயசு 51. அவங்களுக்கு ஆரம்பத்துலயே புருஷன் மேல தீராத சந்தேகம் வந்தது. மறதியோட குணமும் மாறும்ங்கிறது முதல் கேஸ்லயே இருக்கு.

ஆனா அதுக்கப்புறம் பல பத்தாண்டுகள், அல்சைமர்ங்கிறது 65-க்குக் கீழ உள்ளவங்களுக்கு எப்பவாவது வர்ற அபூர்வ நோய்னே நினைச்சாங்க. வயசானவங்களுக்கு வந்தா 'தள்ளாமை'ன்னு விட்டாங்க. இரண்டும் ஒண்ணுதான், இது பெரிய உயிர்க்கொல்லின்னு அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் அழுத்திச் சொல்லி ஒரு தலையங்கம் எழுதினார். எந்த வருஷம் தெரியுமா? 1976. ஹீத்ரோ போட்டோக்கள் வந்த அதே வருஷம். ஒரு பக்கம் நோய்க்குச் சரியான இடம் கிடைக்குது, இன்னொரு பக்கம் அந்த நோயாளியை உலகமே பார்த்துச் சிரிக்குது.

1980-ல ரீட்டாவுக்கு அல்சைமர்னு உறுதியாச்சு. அப்போ வயசு 61. அவங்க மகள் யாஸ்மின் ஆகா கான் பிற்பாடு வெளிப்படையா பேசினாங்க: தானும் அது குடியால வந்ததுன்னுதான் நம்பியிருந்தேன், நோய்க்கு ஒரு பேர் கிடைச்சதே பெரிய நிம்மதின்னு. அம்மாவுக்கு குணமாகாத நோய்னு கேட்ட மகளுக்கு நிம்மதியான்னு தோணும். என் ஓபி-யில அந்த நிம்மதியை நேர்ல பார்த்திருக்கேன்.

"அம்மா நடிக்கிறாங்க டாக்டர்." இந்த வாக்கியம் காதுல விழாத மாசமே எனக்கு இல்ல. 'காலையில சாப்பிட்டுட்டு சாப்பாடே போடலன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. மருமகள் நகையை எடுத்துட்டான்னு சொல்றாங்க. நேத்து நடந்தது ஞாபகம் இல்லயாம், நாப்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்தது மட்டும் ஞாபகம் இருக்காம். அப்போ நடிப்புதானே?'

இல்லைங்க. அதுக்குப் பேர்தான் நோய்.

அப்பாவா இருந்தா, 'குடிச்சுக் குடிச்சு மூளை கெட்டுப் போச்சு'ன்னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. ஒரு பேர் வெச்சாச்சுன்னா அதுக்கப்புறம் யாரும் உள்ள பார்க்கிறதில்ல.

இதுல தவறவிடக் கூடாத விஷயம் ஒண்ணு. மறதியோட வர்ற எல்லாருக்கும் அல்சைமர் கிடையாது. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு குறைவு, மன அழுத்தம், சில மாத்திரைகள், கீழே விழுந்து வாரக்கணக்கு ஆனப்புறம் தலைக்குள்ள தேங்குற ரத்தம், இது எல்லாமே மறதி நோய் மாதிரி வேஷம் போடும். இதுல பலதைச் சரிபண்ண முடியும். ரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் எடுக்காம 'வயசாச்சு'ன்னு விடறது, சரியாகக் கூடிய ஆளையும் சேர்த்துக் கைவிடறது.

அல்சைமரே இருந்தாலும், பேர் தெரிஞ்சா வீடு மாறும். 'வேணும்னே பண்றாங்க'ங்கிற கோபம் அடங்கும். கேஸ் அடுப்பைக் கவனிப்பாங்க, வாசல் கதவைக் கவனிப்பாங்க, சொத்து கையெழுத்தை முன்கூட்டியே யோசிப்பாங்க. முக்கியமா, அந்த ஆள்கிட்ட சண்டை போடுறதை நிறுத்துவாங்க.

யாஸ்மின் அதைத்தான் செஞ்சாங்க. 1981-ல நீதிமன்றம் ரீட்டாவைப் பார்த்துக்கிற பொறுப்பை அவங்ககிட்ட ஒப்படைச்சது. நியூயார்க்ல தன் வீட்டுக்குப் பக்கத்துலயே அம்மாவை வெச்சுப் பார்த்துக்கிட்டாங்க. மறைச்சு வைக்கல. ஊர் அறியச் சொன்னாங்க, நோய் ஆராய்ச்சிக்காக நிதி திரட்டினாங்க. அமெரிக்காவுல சாதாரண ஜனங்க அல்சைமர்ங்கிற வார்த்தையைப் பழகினதுக்கு ரீட்டாவோட பேர் ஒரு பெரிய காரணம்.

1987 மே 14. ரீட்டா இறந்தாங்க, வயசு 68. அப்போ ஜனாதிபதி ரொனால்ட் ரீகன், அவரும் பழைய ஹாலிவுட் நடிகர்தான். ரீட்டா குடும்பத்தோட துணிச்சலைப் பாராட்டி இரங்கல் அறிக்கை விட்டார். ஏழு வருஷம் கழிச்சு, 1994 நவம்பர்ல, தனக்கும் அதே நோய் வந்திருக்குன்னு தன் கைப்பட எழுதி நாட்டுக்குச் சொன்னார். யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கல. நடுவுல இருந்த அந்தப் பதினெட்டு வருஷத்துல, ஹீத்ரோவுல இருந்து அந்தக் கடிதம் வரைக்கும், உலகம் கத்துக்கிட்டது அதுதான். அதுக்கான கட்டணத்தை ரீட்டா கட்டினாங்க.

ஷாஷாங்க்ல போஸ்டருக்குப் பின்னால ஒரு ஓட்டை வளர்ந்துக்கிட்டே இருக்கும், சிறை அதிகாரிகள் யாரும் தூக்கிப் பார்க்கவே மாட்டாங்க. நிஜ ரீட்டாவுக்கும் அதான் நடந்தது. எல்லாரும் போஸ்டரைப் பார்த்தாங்க. ரசிகன்னா போஸ்டரை ரசிக்கிறவன் மட்டும் இல்லன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவங்கதான்.

அவங்க படம் பார்க்கணும்னு ஆசை வந்தா 'கில்டா'ல ஆரம்பிக்காதீங்க. 'யூ வேர் நெவர் லவ்லியர்' (1942) படத்துல அஸ்டேர் கூட 'ஷார்ட்டி ஜார்ஜ்'னு ஒரு ஆட்டம் இருக்கு. அஸ்டேர் பக்கத்துல நின்னா எல்லாரும் அவரைத்தான் பார்ப்பாங்க. இதுல என் கண்ணு ரீட்டாவை விட்டு நகராது. இருபத்து மூணு வயசு, துள்ளல், வாய் நிறையச் சிரிப்பு, எந்த சோகத்தோட நிழலும் இல்லாத சில நிமிஷங்கள். அவங்களை அப்படித்தான் முதல்ல தெரிஞ்சுக்கணும்.

அப்புறம் 'கவர் கேர்ள்' (1944), 'கில்டா', கண்ணாடிக் கூடத்துச் சண்டைக்காக 'தி லேடி ஃப்ரம் ஷாங்காய்' (1947), நடுவயசு ரீட்டா எவ்வளவு நல்ல நடிகைன்னு தெரிஞ்சுக்க 'செபரேட் டேபிள்ஸ்' (1958).

படம் பார்க்கும்போது வீட்ல இருக்கிற பெரியவங்களையும் பக்கத்துல உட்கார வெச்சுக்கோங்க. 'இது யாரும்மா?'ன்னு மூணாவது தடவை கேட்டா, மூணாவது தடவையும் ரீட்டா ஹேவொர்த்துன்னு சொல்லுங்க. அடுத்த வாரம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.