தீர்த்தமலையின் இளைப்பாறு மண்டபங்கள்

தருமபுரி மாவட்டம் அரூரை அடுத்த தீர்த்தமலையில், மலைமீது தீர்த்தகிரீஸ்வரரும் வடிவாம்பிகையும் அருள்பாலிக்கின்றனர். அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலம். அடிவாரத்திலும் ஈசனுக்குத் திருக்கோயில் உண்டு. ஏற இயலாதோர் அங்கேயே தரிசித்துத் திரும்பலாம்.

ஆயினும் முதியோர் பலர் மலையேறவே விரும்புகின்றனர். அவர்களுக்குத் துணை, வழியிலுள்ள மண்டபங்கள். கதவும் இல்லை, கட்டணமும் இல்லை. மூச்சு வாங்கும் வேளையில் தலைக்குமேல் ஒரு கூரை கிடைப்பதன் அருமை, முழங்கால் வலியோடு ஏறுபவருக்கே தெரியும். கட்டியவர் பெயரை அறியாமலே அடியார்கள் அமர்ந்து எழுகின்றனர்.

மேலே பாறையிலிருந்து விழுகிறது ராமர் தீர்த்தம். அனுமன் காசியிலிருந்து கங்கைநீர் கொண்டுவரத் தாமதமாகவே, ஸ்ரீராமர் அம்பெய்து வரவழைத்த நீர் இது என்பது ஐதீகம். அனுமன் தாமதமாகக் கொண்டுவந்த நீர் விழுந்த இடமே, தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமன் தீர்த்தம் என்பர்.

கையிலுள்ள பொட்டலத்தைக் குரங்குகள் விட்டுவைப்பதில்லை. அவற்றையாவது பொறுக்கலாம், உண்ட இலையையும் நெகிழிப் பையையும் மண்டபத்திலேயே விட்டுச்செல்லும் பக்தர்களை என்னென்பது? பின்னால் வரும் முதியவர் உட்கார இடம் தேடி நிற்கிறார்.

வெயில் ஏறினால் பாறை வெறுங்காலைச் சுடும். விடியலிலேயே ஏறத் தொடங்குவது நலம்.